செயலாளரின் ஆண்டறிக்கை: கை கழுவலும் கஷாயமும்

அனைவருக்கும் வணக்கம். நம் பாளையங்கோட்டை செவிலியர் சங்கப் பொதுக்குழுவில் இந்த அறிக்கையைப் பாதி வாசிக்கும்போதே சாப்பாடு ஆறுகிறது என்று எழுந்துவிட்டீர்கள், அதனால் முழுவதையும் எழுத்திலேயே போடுகிறேன். வராதவர்களும் படிக்கலாம், அவர்கள்தான் அதிகம்.

முதலில் வழக்கமானவை. மே 12 செவிலியர் தினத்தில் விளக்கேற்றி உறுதிமொழி எடுத்தோம். ரத்ததான முகாம் நடந்தது. பணி ஓய்வு பெற்ற அக்காமார்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். குற்றாலம் சுற்றுலா இந்த வருடம் இல்லை, காரணம் பின்னால் வருகிறது.

இனி நம் கணக்கெடுப்பு. "இதெல்லாம் சங்க வேலையா, சம்பள உயர்வு கேட்பதை விட்டுவிட்டு" என்று குழுவில் பேசியவர்களுக்கும் சேர்த்தே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். மே 5 உலகக் கை சுகாதார தினம். அன்றைக்கு ஒரு படிவம் கொடுத்தோம், பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தோம். கேள்வி இரண்டே இரண்டு விஷயத்தைப் பற்றித்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களில், அதாவது நோயாளியைத் தொடும் முன், ஊசி டிரெஸ்ஸிங் போன்ற சுத்தமான வேலைக்கு முன், ரத்தம் சளி பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் கட்டிலையோ ஸ்டாண்டையோ தொட்ட பின், கை சுத்தம் செய்கிறீர்களா? அப்புறம், நீங்களே நாட்டு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?

முதல் கேள்விக்குக் கிட்டத்தட்ட எல்லோரும் "எப்போதும்". இரண்டாவதுக்குக் கிட்டத்தட்ட எல்லோரும் "இல்லை". ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே குழுவினர் 1994-இல் பார்த்தபோது கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் 48 சதவீதத்தில்தான் செய்திருந்தார்கள். கையில் தேய்க்கும் ஆல்கஹால் கரைசலைக் கட்டில் பக்கத்திலேயே வைத்து, சுவரொட்டி ஒட்டி, நிர்வாகமும் பின்னால் நின்ற பிறகு 1997-இல்தான் 66-க்கு வந்தது. நோயாளிக்கு மருத்துவமனையிலேயே ஒட்டிக்கொள்ளும் தொற்று 1994-இல் 16.9 சதவீதம், 1998-இல் 9.9-க்கு இறங்கியது. பாளையங்கோட்டையில் மட்டும் நாம் நூற்றுக்கு நூறு!

சரி, நேரில் பார்க்கலாம் என்றால் நோட்டுப் புத்தகத்தோடு வார்டுக்குள் நுழைந்ததும் அத்தனை பேரும் குழாயடியில். ஆய்வு செய்கிறவர்களுக்கு எல்லா நாட்டிலும் இருக்கிற தொல்லைதான் இது. அதனால் ஆட்களை விட்டுவிட்டு பாட்டிலைப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி 1000 நோயாளி-நாளுக்குக் குறைந்தது 20 லிட்டர் கரைசல் செலவாக வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு 20 மில்லி. 30 கட்டில் நிறைந்த வார்டில் ஒரு அரை லிட்டர் பாட்டில் ஒரு நாள்கூட வரக் கூடாது. நம் உறுப்பினர்கள் வேலை பார்க்கும் ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரே பாட்டில் வாரக்கணக்கில் நிற்கிறது, புதுப் பாட்டில்கள் பீரோவில், சாவி வீட்டுக்குப் போயிருக்கிறது. இதை எழுதுவது உங்களைக் குறை சொல்ல இல்லை. இரவு ஷிப்டில் ஒருத்தியே மொத்த வார்டையும் ஓடி ஓடிப் பார்க்கும்போது சோப்பு போட்டு 40 முதல் 60 விநாடி குழாயடியில் நில் என்றால் யார் நிற்பார்கள்? கரைசல் என்றால் 20 முதல் 30 விநாடி, நடந்துகொண்டே தேய்க்கலாம். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தால் சோப்புதான். கையுறை போட்டிருக்கிறேனே என்பது பதில் ஆகாது, கழற்றிய பின்னும் கழுவ வேண்டும்.

படிவத்தில் எழுதாததை டீ குடிக்கும்போது சொன்னீர்கள். கை வெடிக்கிறது, எரிகிறது, அதனால்தான் கழுவத் தயக்கம். அதற்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டால் தேங்காய் எண்ணெய், மஞ்சள், குப்பைமேனிச் சாறு என்று வரிசையாக வருகிறது. ஆக "இல்லை" என்று எழுதிய கைகள்தான் அவை. ராத்திரி படுக்கும்போது எண்ணெய் தேய்ப்பதில் தப்பில்லை. டியூட்டிக்கு வரும்போது எண்ணெய்ப் பசையோடு லேடெக்ஸ் கையுறை போட்டால் கையுறை இளகிக் கெட்டுப்போகும்.

இன்னொன்றும் வெளியே வந்தது. மூட்டு வலிக்குக் கஷாயம், சர்க்கரைக்குச் சிறுகுறிஞ்சான் பொடி, காய்ச்சலுக்கு நிலவேம்பு, எல்லாம் நம் வீட்டிலும் உண்டு. 1964-இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊரில் இதற்கு ஏன் கூச்சம்? ஆனால் நாமே மறைத்தால் நோயாளி எப்படிச் சொல்லுவார். அமெரிக்காவில் 1990-இல் எடுத்த கணக்கெடுப்பில் இப்படிப்பட்ட சிகிச்சை எடுத்தவர்களில் 72 சதவீதம் பேர் தங்கள் டாக்டரிடம் சொல்லவே இல்லை. சர்க்கரை மாத்திரையோடு சிறுகுறிஞ்சானும் பாகற்காய்ச் சாறும் சேர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கலாம். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும். கேஸ் ஷீட்டில் "நாட்டு மருந்து: ஆம்/இல்லை" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி மனு எழுதி வைத்திருக்கிறேன். தலைவர் அம்மா கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது, ரொம்ப நாளாக.

வரவு செலவு. கையிருப்பு இருக்கிறது, பெருமையாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. படிவம் ஜெராக்ஸ், டீ, பொன்னாடை, மண்டப வாடகை என்று போனது. ஜெராக்ஸ் செலவால்தான் சுற்றுலா நின்றுபோனது என்று ஒரு பேச்சு உலவுகிறது, அது தவறு. சந்தா வராததால்தான் சுற்றுலா நின்றுபோனது. விவரம் வேண்டுவோர் பொருளாளர் அக்காவிடம் நோட்டைக் கேட்டுப் பார்க்கலாம். இதுவரை யாரும் கேட்கவில்லை. செயற்குழுக் கூட்டங்கள் பலவற்றில் நானும் அக்காவும் டீக்காரரும்தான். ஷிப்ட் இருந்தது, புரிகிறது. ஷிப்ட் இல்லாதவர்களும் வரவில்லை, அது புரியவில்லை.

தலைவர் அம்மாவுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், மண்டபம் தந்தவருக்கும், படிவம் நிரப்பியவர்களுக்கும் நன்றி.

அடுத்த வருடம் கை வெடிப்புக்கு வாசனை சேர்க்காத கிரீமை மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு எண்ணம், பாட்டில் கணக்கை மாதாமாதம் எடுக்கலாம் என்று இன்னொன்று. இரண்டுக்கும் பணம் வேண்டும், ஆள் வேண்டும். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது வந்தால் எனக்குச் சந்தோஷமே. ஆனால் நம் விதிப்படி சந்தா பாக்கி உள்ளவர் போட்டியிட முடியாது, அப்படிப் பார்த்தால் நிற்கத் தகுதி உள்ளவர்கள் ஒரு ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள். அக்காவின் ஜிபே எண் எல்லோரிடமும் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்