யார் பணம், எதற்கான பணம்

அன்புள்ள மகனுக்கு,

நேற்று இரவு நீ ஜெர்மனியிலிருந்து பேசியபோது உன் குரலில் இருந்த படபடப்பு இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "அம்மா, நான் வாடகை கட்டிவிட்டேன், வரவில்லை என்கிறார்கள்" என்பதையே நான்கு முறை சொன்னாய். நான் சொன்னதில் பாதி உனக்குக் கேட்கவில்லை. மீதியை நீ கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். ஒன்று, வீட்டு நிறுவனத்தின் கடிதம், நீ மானுங் என்று சொன்னாயே, அது. எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் பாக்கிக் கடிதத்துக்கு எந்த மொழியிலும் ஒரே முகம்தான்: மேலே ஒரு எண், நடுவில் ஒரு தொகை, கீழே ஒரு கெடு. மற்றொன்று, உன் அலுவலக நண்பன் தன் கணக்கிலிருந்து உனக்காக நவம்பர் வாடகை அனுப்பிய சீட்டு. உன் கணக்கு அப்போது திறக்கப்படவில்லை, அவன் உதவினான், நல்ல பிள்ளை. பெறுபவர் பெயர் சரி. கணக்கு எண் சரி. தொகையில் ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. எதற்காக என்று எழுத வேண்டிய கட்டத்தில் மட்டும் 'வாடகை' என்று ஒற்றைச் சொல். எத்தனையோ குடித்தனங்கள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, அவர்கள் கேள்விப்பட்டே இராத ஒருவனின் பெயரில், 'வாடகை' என்று ஒரு பணம் போயிருக்கிறது. யாருடைய வாடகை, எந்த வீட்டுக்கு, எந்த மாதத்துக்கு?

பணம் தொலையவில்லை, கண்ணா. அங்கேதான் இருக்கிறது. தான் யாருடையது என்று சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது.

வங்கியில் நான் இருந்த 31 ஆண்டுகளில் பாதிக்கு மேல் இந்த மாதிரிப் பணத்தோடுதான் கழிந்தது. சஸ்பென்ஸ் கணக்கு என்போம். எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று தெரியாத தொகைகளை அதில் நிறுத்தி வைப்போம். கவுண்டர் மூடிய பிறகு அந்தப் பட்டியலை விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு தொகைக்கும் சொந்தக்காரரைத் தேட வேண்டும். ஒரு செலானில், பணம் கட்டியவர் விவரம் என்ற இடத்தில் 'நான்தான்' என்று எழுதியிருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேலாளரிடம் காட்டினேன், சிரித்துவிட்டு, "அப்போது நீங்கள் இல்லை என்பது உறுதி" என்றார். அந்த 'நான்தான்' வந்து சேரப் பதினோரு நாள் ஆனது. அவரும் உன்னைப் போலத்தான், கட்டியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்திருக்கிறார்.

நேரில் கொடுக்கும் பணத்துக்கு நம் முகமே சாட்சி. வாசலில் நின்று கொடுக்கிறோம், யார், எதற்கு என்று வாங்குகிறவருக்குத் தெரியும். வங்கி வழியாகப் போகும் பணத்துக்கு முகம் கிடையாது, அந்த ஒரு கட்டம்தான் உண்டு. பழைய மணியார்டர் படிவத்தின் அடியில் இரண்டு வரி எழுத இடம் விட்டிருப்பார்களே, அதன் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள். ஜெர்மனியில் அதற்கு ஃபெர்வெண்டுங்ஸ்ஸ்வெக் என்று பெயராம். பெயர்தான் வாயில் நுழையவில்லை, இடம் தாராளம்: யூரோ பரிமாற்றங்களில் 140 எழுத்து வரை எழுதலாம். உன் ஒப்பந்த எண், உன் முழுப்பெயர், வீட்டு எண், மாதம். இந்த நான்கும் அதில் அடங்கிய பிறகும் மிச்சம் இருக்கும். இன்னொருவன் கணக்கிலிருந்து போனால் உன் பெயரை முதலில் எழுதச் சொல். வேறொருவர் உனக்காகக் கட்டுவதைச் சட்டம் தடுக்கவில்லை. அது உன் வாடகைதான் என்று தெரிந்தால் போதும்.

இது வெறும் கணக்கர் வசதிக்காக என்று நினைத்துவிடாதே. அந்த நாட்டு சிவில் சட்டத்தின் 366ஆம் பிரிவை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படித்தேன் (ஓய்வுபெற்றவளுக்கு வேறு என்ன வேலை). ஒருவருக்குப் பல பாக்கிகள் வைத்திருப்பவன் பணம் கட்டும்போது, எந்தப் பாக்கிக்கு என்று கட்டும்போதே சொன்னால் அதில்தான் வரவு வைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் எதில் முதலில் வரவு வைப்பது என்று சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. உனக்கு இப்போது அவர்கள் கணக்குப்படி நவம்பர் வாடகை பாக்கி, நினைவூட்டல் கட்டணம் பாக்கி, அடுத்து டிசம்பரும் சேரும். நீ வாய் திறக்காமல் டிசம்பர் வாடகையை அனுப்பினால் அதை நவம்பரில் வைத்துவிட்டு, டிசம்பர் வரவில்லை என்று மறுபடி ஒரு கடிதம் போடுவார்கள். அதனால் 'டிசம்பர் 2025 வாடகை' என்று மாதத்தையும் ஆண்டையும் எழுது. இதில் சோம்பல் வேண்டாம்.

பாக்கியை அங்கே விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்தடுத்த இரண்டு தவணைகளில் சேர்ந்த பாக்கி ஒரு மாத வாடகையைத் தாண்டினால் முன்னறிவிப்புக் காலம் கொடுக்காமலே ஒப்பந்தத்தை முறிக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. நவம்பர் பணம் பெயரில்லாமல் கிடக்கும்போது டிசம்பரிலும் குழப்பம் வந்தால் காகிதத்தில் நீ அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பாய். அதற்காகத்தான் இத்தனை அவசரம்.

எந்தத் தேதிக்குள் என்று கேட்டாய். மாதத்தின் மூன்றாவது வேலைநாளுக்குள். சனிக்கிழமை அந்தக் கணக்கில் சேராது என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 2010இல் சொல்லியிருக்கிறது. 2016இல் இன்னொன்றும் சொன்னது: மூன்றாவது வேலைநாளுக்குள் கணக்கில் போதிய பணத்தோடு நீ வங்கிக்கு உத்தரவு கொடுத்துவிட்டால் போதும், அவர்கள் கணக்கில் ஒருநாள் பிந்தி ஏறினாலும் அது உன் தாமதம் ஆகாது. வங்கியில் இருந்தவள் என்ற முறையில் எனக்கு அந்தத் தீர்ப்பு மிகவும் பிடித்தது. உத்தரவு கொடுப்பவன் கையில் இருப்பது உத்தரவு மட்டும்தானே? ஆனால் அந்தத் தீர்ப்பை நம்பி மூன்றாம் நாள் இரவு வரை காத்திராதே. தீர்ப்பு வழக்குக்கு உதவும். வழக்கே வராமல் இருப்பது நல்லது.

உன் சம்பளம் மாதக் கடைசி வேலைநாளில் ஏறுகிறது என்றாய். அப்படியானால் ஒன்றாம் தேதிக்கு ஒரு நிரந்தர உத்தரவு போட்டுவிடு. நாங்கள் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்போம், அங்கே டாவர்ஆவுஃப்ட்ராக். ஒருமுறை போட்டால் மாதாமாதம் அதே தொகை அதே கணக்குக்குத் தானாகப் போகும். ஒன்றாம் தேதி விடுமுறையானால் அடுத்த வங்கி நாளில் போகும். 2026 மே மாதத்தைப் பார்: 1 வெள்ளி விடுமுறை, 2 சனி, 3 ஞாயிறு. திங்கள் நான்காம் தேதிதான் முதல் வேலைநாள், புதன் ஆறாம் தேதி மூன்றாவது. அதிலும் தப்பிக்க முடிகிறது. உன் ஞாபகத்தை நம்பி வாடகையை விடாதே. எனக்கு உன் ஞாபகத்தை நன்றாகத் தெரியும். உன் பிறந்தநாளையே நான் போன் செய்த பிறகுதான் நீ நினைத்துக்கொள்கிறாய்.

நிரந்தர உத்தரவில் மாதத்தின் பெயரை மாற்றி மாற்றி எழுத முடியாது. பரவாயில்லை, ஒப்பந்த எண், பெயர், வீட்டு எண் மூன்றும் இருந்தால், பாக்கி இல்லாத மாதங்களில் தேதியே மாதத்தைச் சொல்லிவிடும். இந்த டிசம்பர் மட்டும் குழப்பம் இருப்பதால் கையால் தனியாக அனுப்பு, ஜனவரியிலிருந்து உத்தரவு ஓடட்டும்.

அந்த உத்தரவு சொன்னதைச் செய்யும் வேலைக்காரன், யோசிக்காது. சூடேற்றம், தண்ணீர், குப்பை எல்லாவற்றுக்கும் முன்பணமும் சேர்த்துத்தானே நீ கட்டுகிறாய்? ஆண்டுக்கொரு முறை அதற்குக் கணக்குத் தீர்த்து முன்பணத்தை ஏற்றுவார்கள். உன் உத்தரவு பழைய தொகையையே அனுப்பிக்கொண்டிருக்கும். மாதம் பன்னிரண்டு யூரோ குறைந்தால் யார் கண்ணிலும் படாது, ஆண்டு முடிவில் ஒரு கடிதமாக வரும். வீட்டைக் காலி செய்யும்போதும் அதை நிறுத்த மறந்துவிடாதே. காலி செய்த வீட்டுக்கு வாடகை கட்டியவர்களை எனக்குத் தெரியும். கணக்கில் பணம் இல்லாவிட்டால் உத்தரவு ஓடாது. ஒரு மாத வாடகை அளவுப் பணத்தைத் தொடாமல் அடியில் போட்டு வை.

அவர்களையே உன் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் முறையும் இருக்கிறது. தொகை மாறினால் அவர்களே மாற்றிக்கொள்வார்கள், தவறாக எடுத்தால் எட்டு வாரத்துக்குள் திருப்பி வாங்கலாம். வசதிதான், மறுக்கவில்லை. இருந்தாலும் நான் கை நீட்டிக் கொடுப்பது வேறு, இன்னொருவர் கை என் பைக்குள் வருவது வேறு. உன் விருப்பம்.

கணக்கு எண்ணைப் பற்றி ஒன்று. ஐபேன் என்கிற சர்வதேசக் கணக்கு எண் ஜெர்மனியில் 22 இடம் கொண்டது. நாட்டின் இரண்டு எழுத்துக்குப் பிறகு வரும் இரண்டு இலக்கமும் காவல்காரர்கள். முதல் நான்கு இடத்தையும் கடைசிக்குத் தள்ளி, எழுத்துகளை எண்ணாக்கி, முழுவதையும் 97ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் வராது. உன் வீட்டு நிறுவனத்தின் எண்ணை நேற்று காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, குறுக்கெழுத்துப் போட்டியா என்று கேட்டுவிட்டுப் போனார். மீதி 1 வந்தது. ஆனால் வேறொருவரின் சரியான எண்ணைக் கொடுத்தாலும் மீதி 1தான் வரும். அதற்குத்தான் 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாட்டு வங்கிகள் நீ எழுதும் பெயரும் எண்ணின் சொந்தக்காரர் பெயரும் பொருந்துகிறதா என்று அனுப்புவதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. பொருந்தவில்லை என்று திரையில் வந்தால் கையை எடுத்துவிடு. எங்கள் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வந்தால், அதிலுள்ள போன் எண்ணை விட்டுவிட்டு ஒப்பந்தத்தில் அச்சான எண்ணுக்குப் பேசு. உடனடிப் பரிமாற்றம் பத்தே விநாடியில் போய்விடும், பின்னால் ஓடிப் பிடிக்க முடியாது.

இத்தனையும் தெரிந்த நான் என் விஷயத்தில் கோட்டைவிட்டதை உன்னிடம் சொன்னதில்லை. நீ இரண்டாம் வகுப்புப் படித்தபோது நாம் குடியிருந்த வீடு நினைவிருக்கிறதா, மாடிப்படிக்குக் கீழே சைக்கிள் நிறுத்துவோமே? அந்த வீட்டுக்காரர் வாடகை வாங்கிக்கொண்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் கையெழுத்துப் போடுவார். நோட்டு நம்மிடம் இருக்கும். ஒரு மாதம் அவரே வாசலுக்கு வந்தார், நோட்டு கைக்குக் கிடைக்கவில்லை. "அடுத்த மாதம் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்" என்றார், சரியென்று பணத்தைக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவரும் மறந்தார், நானும் மறந்தேன். மூன்று ஆண்டு கழித்துக் காலி செய்தபோது நோட்டைப் புரட்டி, இந்த மாதம் பாக்கி என்று அட்வான்சில் பிடித்துக்கொண்டார். அவர் பொய் சொன்னார் என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை, அவர் நம்பியது அந்த வெற்றிடத்தை. ஊரார் பணத்துக்கெல்லாம் சீட்டுக் கேட்டவள் நான். அப்பா அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அந்த நோட்டு இப்போதும் பீரோவில் இருக்கிறது. உனக்கு உன் வங்கி தரும் மாதக் கணக்கு அறிக்கைதான் நோட்டு. ஒவ்வொரு மாதமும் இறக்கி ஒரு கோப்பில் போட்டு வை. கணக்கை மூடிய பிறகு செயலிக்குள் தேட முடியாது. அடுத்த வீடு பார்க்கும்போது, பழைய வீட்டில் பாக்கி இல்லை என்று சான்று கேட்பார்கள். பழைய வீட்டுக்காரர் அப்படி எழுதித் தரவேண்டும் என்று அங்கே கட்டாயம் இல்லை. அப்போது இந்தத் தாள்கள் பேசும்.

டெபாசிட்டையும் வாடகையோடு சேர்த்து ஒரே தொகையாக அனுப்பிவிடாதே. மூன்று தவணையாகக் கட்ட உரிமை உண்டு, ஒவ்வொன்றையும் தனியாக, டெபாசிட் என்று எழுதி அனுப்பு.

இப்போது செய்ய வேண்டியது. நண்பனிடம் அவன் வங்கியிலிருந்து பரிமாற்ற உறுதிச்சீட்டு வாங்கு, கைப்பேசித் திரைப் படம் வேண்டாம். கடிதத்தின் மேலே இருக்கும் எண்ணைக் குறிப்பிட்டு, இந்தத் தேதியில் இந்தப் பெயரில் வந்த இந்தத் தொகை என்னுடைய நவம்பர் வாடகை என்று மூன்று வரி எழுதி, சீட்டை இணைத்து அனுப்பு. நினைவூட்டல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி கேள். கேட்பதில் தவறில்லை, தராவிட்டால் கட்டிவிடு, தனிக் குறிப்போடு. டிசம்பர் 1 திங்கட்கிழமை. சம்பளம் வெள்ளிக்கிழமை ஏறியதும் டிசம்பர் வாடகையைத் தயார் செய்து, அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்தத் திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. நான் விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா