விழப்போகிற பல்

கல்லடி,
வெள்ளிக்கிழமை.

அன்பின் நண்பனுக்கு,

நலம். வேளாண்மை வெட்டு முடிந்த செய்தியோடு உன் பேரனின் சூத்தைப் பல்லைப் பற்றியும் எழுதியிருந்தாய். விழப்போகிற பாற்பல்லுக்கு எதற்கு வைத்தியம் என்ற உன் கேள்வியைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. போன வருடம் என் பேத்தியின் விடயத்தில் அதே சொல்லைச் சொன்னவன் நான்தான்.

அப்போது அவளுக்கு ஆறு வயது. புட்டை ஒரு கன்னத்திலேயே ஒதுக்கி மென்றாள். இறைச்சியைத் தொடவே இல்லை. அதை நாங்கள் அடம் என்று எண்ணினோம். இரவில் அழுதால் கராம்பை நசுக்கி வைத்து, பெனடோல் பாணி கொடுத்துப் படுக்கவைத்தோம். ஒருநாள் பல் தீட்டும்போது, கீழ்க் கடைவாய்ப் பல்லின் முரசில் அரிசிமணி அளவில் ஒரு மஞ்சள் கொப்புளத்தை என் மனைவி கண்டாள். அதன் பிறகு நோவு குறைந்தது, பிள்ளை சிரித்தாள், மாறிவிட்டது என்று நாங்களும் மகிழ்ந்தோம். பல்லின் உள்நரம்பு இறந்து, சீழ் வெளியேற வழி கண்டதால்தான் நோவு நின்றது என்பது கன்னம் வீங்கிய பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பாற்பற்கள் 20, அவற்றுள் முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கினாலும், கடைவாய்ப் பற்கள் 9 முதல் 12 வயது வரை நிற்க வேண்டியவை. உன் பேரனுக்கு நான்கு வயதுதான் என்றால் கணக்கை நீயே பார். பாற்பல்லை மேலே மூடியிருக்கும் கடினமான மிளிரி மெல்லியது, உள்ளே நரம்பு இருக்கும் அறையோ பல்லின் அளவோடு பார்த்தால் பெரியது. ஆகவே சூத்தை விரைவில் நரம்பைத் தொட்டுவிடும். வேரடியில் நெடுநாள் சீழ் தங்கினால், அதன் கீழே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் மிளிரியும் பழுதுபட்டு, அது கறையோடும் குழியோடும் முளைக்கலாம்.

கல்முனை பஸ்ஸில் லேஞ்சியைப் போட்டு நாம் இடம் பிடித்தது நினைவிருக்கிறதா? பாற்பல் செய்வதும் அந்த வேலையைத்தான். ஆறு வயதளவில் அதற்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. முன்னால் இடம் வெறுமையாக இருந்தால் அது முன்னோக்கிச் சாய்ந்துவிட, பிறகு வரவேண்டிய பல் இடமின்றிக் கோணலாக வரும், அல்லது உள்ளேயே சிக்கிவிடும். என் பேத்தியின் வாயில் இப்போது அந்த இடத்தைக் காக்க ஒரு கம்பி வளையம் இருக்கிறது.

இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. முரசோரத்தில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கோடு தெரியும்போதே புளோரைட்டும் ஒழுங்கான துலக்கலும் அதை நிறுத்தக்கூடும். துளை விழுந்தால் அடைக்கலாம். நரம்புவரை போயிருந்தாலும், நரம்பின் பழுதான மேற்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு உருக்குத் தொப்பி போட்டுப் பல பற்களைக் காப்பாற்றுகிறார்கள். அடங்கியிருக்காத பிள்ளைகளுக்கு வெள்ளி கலந்த புளோரைட் மருந்தைத் தடவுவதும் உண்டு. சூத்தை பெரும்பாலும் அதோடு நின்றுவிடும், ஆனால் அந்த இடம் கறுத்துப்போகும். பேத்தியின் ஒரு முன்பல்லில் அந்தக் கறுப்பு இருக்கிறது. மருமகளுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கோ அது கண்ணுக்கு இதமாகவே இருக்கிறது.

உன் பேரன் சீனி போட்ட பால் போத்தலோடு உறங்குவதாக எழுதியிருக்கிறாய். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைவதால், அந்தச் சீனி இரவு முழுவதும் பல்லில் கிடக்கும். முதலில் அதை நிறுத்து. படுக்கப்போகுமுன் பட்டாணி அளவு புளோரைட் பற்பசையால் பெரியவர் ஒருவர் தீட்டிவிட வேண்டும். நான்கு வயதுக் கை அதைச் சரியாகச் செய்யாது.

பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் 3 வயதிலிருந்தே பிள்ளைகளைப் பார்க்கிறார்கள், காசும் கேட்பதில்லை. ஆகவே அவன் பள்ளிக்கூடம் போகும்வரை காத்திருக்காதே. ஒன்றை மட்டும் மருமகளிடம் சொல்: ஊசி போடுவார்கள் என்று அவனை வெருட்ட வேண்டாம். நாங்கள் சோறு ஊட்டுவதற்காக அப்படித்தான் பலநாள் வெருட்டினோம். அதனால் பேத்தியை அந்தக் கதிரையில் உட்காரவைக்கவே மூன்று தடவை போய்வர நேர்ந்தது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்