மலைக்குப் போனால் மலைச் சோறு கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தொடர் விடுமுறை வந்தால் மலை ஊர்கள் படும் பாட்டைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் வந்த இ-பாஸ், 2025 கோடைக்கு ஒரு நாளில் இத்தனை வண்டிகள்தான் என்று உயர் நீதிமன்றம் விதித்த கணக்கு (நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000) எல்லாம் அதில் இருந்தன. அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் மேலே போகிறவர்கள் அங்கே என்ன சாப்பிடுகிறார்கள் என்பதையும் யாராவது கேட்க வேண்டும். குடியரசு நாள் திங்கட்கிழமையில் வந்ததால் இந்த ஆண்டு கிடைத்த மூன்று நாள் விடுமுறையில் கொல்லிமலைக்குப் போய்வந்தோம். அதிலிருந்து இந்த எண்ணம் என்னை விடவே இல்லை.

நாங்கள் ஐந்து பேர். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள், மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள். சனிக்கிழமை விடியும் முன் சேலத்திலிருந்து ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு காரவள்ளி வரை வந்து இறங்கினோம். அங்கேதான் மலைச் சாலை தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. காரில் போகும்போது அந்த எண்களைப் பிள்ளைகள் கத்திக்கொண்டு எண்ணுவார்கள். சைக்கிளில் அப்படி எண்ண மூச்சு இருக்காது. ஒரு வளைவு முடிந்தால் அடுத்த வளைவின் நிழல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் மணிக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் வேகம்தான். நடப்பதைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். முப்பதாவது வளைவைத் தாண்டியபோது கீழே சமவெளி பனிமூட்டத்துக்குள் போய்விட்டது. வெயில் ஏறினாலும் காற்று குளிர்ந்துகொண்டே வந்தது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலிருந்து இறங்கிய ஒரு கார், வளைவில் எங்கள் தோழியைச் சாலையின் விளிம்புச் சுவர் வரை ஒதுக்கிவிட்டுப் போனது. மலைச் சாலையில் அகலம் போதாத இடத்தில் இறங்குகிற வண்டிதான் நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். இது நாடு முழுமைக்கும் உள்ள சாலை விதி. ஏறுகிறவர் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது எவ்வளவு கஷ்டம் என்று மிதித்துப் பார்த்தால்தான் தெரியும். கீழே காரவள்ளியிலும் மலைமேல் சோளக்காட்டிலும் இதை ஒரு பலகையில் பெரிதாக எழுதி வைத்தால் நன்றாக இருக்கும்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். செம்மேட்டுக்குப் பக்கத்தில் அடுப்பங்கரையுள்ள ஒரு சின்ன வீட்டை இரண்டு இரவுகளுக்கு எடுத்திருந்தோம். முதல் நாள் மதியம் மட்டும் சமைக்கத் தெம்பில்லாமல் ஒரு தங்கும் விடுதியின் உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். பட்டியலில் ஃபிரைடு ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன், பரோட்டா எல்லாம் இருந்தன. சாமைச் சோறு கிடைக்குமா என்று கேட்டேன். "அதெல்லாம் யாரும் கேக்கறதில்லைங்க" என்றார் பரிமாறியவர். அவரைக் குறை சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்திருக்கிறது.

ஏனென்றால் அது சாமையின் ஊர். சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் தலைமுறை தலைமுறையாக விளைந்த மலை. சாமையிலேயே கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலச் சாமை என்று தனித்தனிப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள் அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல). ஆனால் இரண்டாம் நாள் காலையில் செம்மேட்டிலிருந்து அறப்பளீசுவரர் கோயில் வரை மிதித்துப் போனபோது வழியில் நாங்கள் அதிகம் பார்த்தது குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடுதான். மேட்டிலும் குச்சிக்கிழங்கு, சரிவிலும் குச்சிக்கிழங்கு. நடுநடுவே சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, காப்பிச் செடி. கிழங்கு மூட்டைகள் லாரியேறிச் சமவெளியில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரிகளுக்குப் போகின்றன. சேலத்துக்காரிக்கு அது தெரியாத கதை இல்லை, எங்கள் ஊர் ஜவ்வரிசிக்குப் பெயர் போனது. ஆனால் அந்த ஜவ்வரிசிக்கு எந்த நிலம் இடம் கொடுத்தது என்பதை இப்போதுதான் அருகில் பார்த்தேன். காரில் போயிருந்தால் எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிந்திருக்கும்.

ஆகாய கங்கை அருவியைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், குளிர்ந்த தண்ணீர், போய்ப் பாருங்கள்.

கோயிலிலிருந்து திரும்பும் வழியில் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டு வாசலில் நின்றோம். அறுபது வயதுக்கு மேலிருக்கும் அம்மா ஒருவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். திண்ணையில் ஒரு சாக்கு இருந்தது. சாமையா என்று கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் போடுவாராம். "உரல்ல போட்டுக் குத்திக் குத்தி என் தோள்பட்டையே போச்சு கண்ணு. ரேஷன்ல அரிசி வந்தப்புறம் யாரு இதைக் குத்துவாங்க?" என்றார். சாமையின் உமி அரிசியோடு இறுக ஒட்டியிருக்கும். அதை எடுப்பது முழுக்கப் பெண்களின் உழைப்பு. சாமை குறைந்துபோனதற்குக் கிழங்கு தந்த பணம் ஒரு காரணம் என்றால், இந்தத் தோள்வலி இன்னொரு காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் அங்கே வேலை செய்து, ஊர்களில் உமி நீக்கும் சிறிய இயந்திரங்களை வைக்க உதவியது, பழைய விதைகளைக் காக்கவும் துணை நின்றது. இந்த அம்மாவும் இப்போது மிஷினில்தான் கொடுத்து வாங்குகிறார். நான்கு படி சாமை அரிசி வாங்கினோம். அளந்து போட்டபின் ஒரு கைப்பிடி கூடப் போட்டார்.

அன்று மாலை நாங்கள் சமைத்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், வாசகர்கள் யாராவது செய்து பார்க்கலாம். சாமையில் பொடிக்கல் இருக்கும், பொறுமையாக அரிக்க வேண்டும். இரண்டு பாத்திரங்களை வைத்துக்கொண்டு நண்பர் ஒருவர் முக்கால் மணி நேரம் அரித்தார். பிறகு அரைமணி ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கொதித்ததும் போட்டு, தீயைக் குறைத்து மூடிவிட்டால் வெந்துவிடும். இறக்கியபின் பத்து நிமிடம் திறக்கவே கூடாது, அப்போதுதான் உதிரி உதிரியாக வரும். துவரம்பருப்புதான் எங்களைக் காக்க வைத்தது. நாங்கள் குக்கர் கொண்டுபோகவில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்புக்கு அந்தச் சூடு போதாது. விறகை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

தை மாதம் என்பதால் பச்சை மொச்சை கிடைத்தது. ஊறவைத்துப் பிதுக்கிக் குழம்பு வைத்தோம். சோளக்காட்டுக் கடையில் வாங்கிய பச்சை மிளகைத் தட்டிப்போட்டு ரசம். அப்புறம் முடவாட்டுக்கால் சூப். இது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு, பார்க்க ரோமம் மூடிய ஆட்டுக்கால் போலவே இருக்கும். மேலே உள்ள ரோமத்தை நன்றாகச் சுரண்டி எடுத்துவிட்டு, நறுக்கி, சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, பூண்டு சேர்த்து இடித்துக் கொதிக்கவிட வேண்டும். மூட்டுவலிக்கு நல்லது என்று விற்கிறார்கள். எழுபது வளைவு ஏறிய முழங்காலோடு அந்தக் குளிரில் குடித்தபோது இதமாக இருந்தது என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சாமைச் சோற்றுக்கு அரிசிச் சோற்றில் இல்லாத ஒரு மணம் உண்டு, வறுத்த நெல் போல. எங்களில் ஒருவர் மூன்றாம் முறை போட்டுக்கொண்டு, சின்ன வயதில் தன் பாட்டி வீட்டில் சாப்பிட்டதைப் பேச ஆரம்பித்தார். யாருமே செல்போனை எடுக்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, 2023ஐ ஐ.நா. சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதைக் கேட்டது இந்தியாதான். இப்போது நகரத்துக் கடைகளில் அழகான உறையில் சாமை கிடைக்கிறது. சாமை விளையும் மலைக்கே விருந்தாளியாகப் போகும் நாம் அங்கே உட்கார்ந்து நூடுல்ஸ் கேட்கிறோம். நாம் கேட்பதைத்தான் விடுதி சமைக்கும், விடுதி வாங்குவதைத்தான் காடு விளைவிக்கும். அதனால் உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் அருவியும் காட்சிமுனையும் எழுதும் இடத்தில், அந்த மலையில் என்ன தானியம் விளைகிறது, யாரிடம் வாங்கலாம் என்றும் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அறை பதிவு செய்யும்போதே சாமைச் சோறோ கேழ்வரகுக் களியோ வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் செய்து தருவார்கள்.

வரும் மே முதல் தேதி வெள்ளிக்கிழமை. மறுபடியும் மூன்று நாள் கிடைக்கிறது. நாங்கள் அதே வீட்டைக் கேட்டு வைத்திருக்கிறோம், அந்த அம்மாவிடம் ஆறு படி சாமையும் சொல்லி வைத்தாகிவிட்டது. இந்த முறை குக்கரையும் எடுத்துப் போகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
சேலம்