அது கணக்கு டீச்சர், இது சில்லறை

வடசென்னைத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். காசிமேட்டுப் பக்கம் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் வகுப்பில் மீன் சந்தை நடத்தினோம். பாட்டில் மூடிதான் மீன். சிவப்பு சங்கரா, நீலம் கானாங்கத்தை, வெள்ளை வவ்வால். விலைப் பலகையைப் பிள்ளைகளே எழுதினார்கள். 'வஞ்சிரம்' என்று எழுத ஒருவன் சாக்பீஸைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

கடைக்கு உட்கார்ந்த சிறுமியின் அம்மா நிஜமாகவே கூறு கட்டி மீன் விற்பவர். முந்தின நாள் நோட்டில் அவள் 500-இல் 340 போனால் 240 என்று எழுதியிருந்தாள். மேலே 0, கீழே 4 என்றால் 4-இலிருந்து 0-வைக் கழித்துவிடுகிற பழைய தப்பு. சந்தையில் 340 ரூபாய்க்கு மீன் வாங்கி, காகித ஐந்நூறை நீட்டினேன். "பத்து போட்டா முந்நூத்தம்பது, அம்பது போட்டா நானூறு, இந்தா நூறு" என்று 160-ஐ எண்ணி வைத்தாள்.

"அப்ப நேத்து ஏன்டி 240 போட்ட?"

"அது கணக்கு டீச்சர், இது சில்லறை."

அவள் வாய் மூடுவதற்குள் வாசலில் குரல்: "என்ன டீச்சர், கிளாஸா, மீன் மார்க்கெட்டா?"

மார்க்கெட்தான். மறுநாள் அவள் எண்ணிய விதத்தையே எண்கோட்டில் போட்டுக் காட்டினேன். அதிலிருந்துதான் கடன் வாங்கிக் கழித்தலுக்குப் போக முடிந்தது. அதற்கும் நாலு நாள் பிடித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இது ஒன்றும் புதுசல்ல. தமிழ்நாட்டில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியதே நம் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான். பாட அட்டை, எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படி, உட்காரப் பாய், பிள்ளைகளின் கைக்கு எட்டும் கரும்பலகை. 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் போனது. ஆனால் நாளடைவில் பல இடங்களில் அட்டையைப் பார்த்து எழுதுவதே செயலாகிப்போனது என்பது என் எண்ணம். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துப் பிரிக்கச் சொல்கிறது. நல்ல யோசனை. ஆனால் டி.எல்.எம். (கற்பித்தல் துணைக்கருவிகள்) பெட்டி பீரோவுக்குள் இருக்கிறது, பார்வைக்கு ஆள் வரும் அன்றுதான் வெளியே வருகிறது.

கேட்பது பெரிதில்லை. பீரோ சாவி வகுப்பாசிரியர் கையில் இருக்கட்டும். மூடி தொலையும், அட்டை கிழியும். அதற்கு எங்களிடம் விளக்கம் கேட்காதீர்கள். நாளுக்கு ஒரு பாடவேளை சத்தம் போட அனுமதி வேண்டும். பக்கத்து வகுப்புக்கு இடைஞ்சல் என்றால் மரத்தடிக்குப் போகிறோம். மரம் இல்லாத பள்ளிகளும் நம் பக்கம் நிறைய, அங்கே வராந்தா போதும்.

அடுத்த சந்தைக்கு அந்த அம்மாவையே விலை சொல்லக் கூப்பிட்டிருக்கிறேன். வியாபாரம் முடிந்து பதினோரு மணிக்கு மேல்தான் அவரால் வர முடியும். கேட்டில் நிறுத்திவைக்காமல் உள்ளே விடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மூன்றாம் வகுப்பு ஆசிரியை