தூக்குப்போசியோடு ஒரு பாட்டுக்காரர்

பர்பேங்க்,
கலிபோர்னியா.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். போன வாரம் அனுப்பிய பணம் வந்ததா? இங்கே நாலரைக்கு எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஆறு மணி ஷிப்டுக்குப் போக முடிகிறது. மில் சங்கு ஒன்றுதான் இல்லை. மற்றபடி நீங்கள் பட்ட அதே பாடுதான்.

பக்கத்து லேத்தில் நிற்கும் கறுப்பினப் பெரியவர் ஒரு பழைய இசைத்தட்டைக் கொடுத்தார். பில் விதர்ஸ் என்பவரின் முதல் தட்டு, 1971இல் வந்தது. சோல் என்கிறார்கள், அவர்களுடைய தேவாலயப் பாட்டு வீதிக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டைக் கேட்கும் முன்பே அட்டைப்படத்தில் நின்றுவிட்டேன். பளபளவென்று உடுத்திக்கொண்டு நிற்காமல், தொழிற்சாலைச் சுவரோரம் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்கிறார். மதிய இடைவேளையில் எடுத்த படமாம். இதே பர்பேங்க்கில்தான், அப்போது விமானங்களுக்குக் கழிப்பறை செய்த இடம்.

மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரர். திக்குவாய். ஒன்பது வருடம் கடற்படை. தட்டு வந்தபோது வயது 32. பதிவுக்கூடத்துக்கு வந்தவர், இந்தப் பாட்டுகளை யார் பாடப்போகிறார்கள் என்று தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸிடமே கேட்டாராம்! பாட்டுத் தொழிலை நம்ப முடியாது என்று வேலையையும் விடாமல் வைத்திருந்தார். இந்த இடத்தில் நீங்கள் தலையாட்டுவீர்கள்.

அவள் போனபின் வீட்டில் வெயிலே இல்லை என்று ஒரு பாட்டு. நடுவில் ‘எனக்குத் தெரியும்’ என்பதையே 26 முறை சொல்கிறார். அங்கே வேறு வரிகள் எழுதி நிரப்பத்தான் நினைத்திருந்தாராம். கூட வாசித்தவர்கள் அப்படியே விடச் சொன்னார்கள். நானாக இருந்தால் நிரப்பிக் கெடுத்திருப்பேன். அடுத்த ஆண்டு அதற்குக் கிராமி விருது கிடைத்தது. விருதை விடுங்கள், ஷிப்டு முடிந்து வருகிறவன் பேசுகிற பேச்சிலேயே பாடலாம் என்று காட்டினாரே, அதைத்தான் பெரியவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

பாட்டியின் கைகளைப் பற்றியே ஒரு பாட்டு இருக்கிறது, இரண்டு நிமிடம். ஞாயிறு காலை தேவாலயத்தில் தட்டிய கை, சில நாள் வீங்கிவிடும் கை. அப்பத்தாவின் வளைந்த விரல்கள் ஞாபகம் வந்து, முதல் நாள் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: பரணில் இருக்கும் உங்கள் தூக்குப்போசியைப் பழைய பாத்திரக்காரருக்குப் போட்டுவிட வேண்டாம். தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்