ரேஞ்சிலிருந்து அப்பாவுக்கு

போகோனோ மலை, பென்சில்வேனியா
ஜூலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இந்தக் கோடை முகாமில் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கிறேன், சுடும் இடத்தை ரேஞ்ச் என்பார்கள். போனில் "துப்பாக்கி" என்று சொன்னதும் நீங்கள் அமைதியாகிவிட்டீர்கள். அதற்குள் லைனும் கட்டாகிவிட்டது. மலைக்குள் சிக்னல் கிடைப்பதே அபூர்வம். பிள்ளைகளுக்கு இங்கே செல்போனே கிடையாது. ஞாயிறு மதியம் எல்லோரும் மரக் கேபினில் உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பயம் தீரட்டும். இது தோட்டா போடும் துப்பாக்கி இல்லை, ஏர் ரைபிள். காற்றழுத்தத்தில் 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டைத் தள்ளும். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அதே பத்து மீட்டர் தூரம்தான். அவர் சுட்ட இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய வட்டம், அதுவும் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு. ஆனால் கண் போனால் திரும்பாது என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரையும் உள்ளே விடமாட்டேன், வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும் சேர்த்துத்தான்.

முதல் நாள் யாரும் சுடுவதில்லை. குழல் எப்போதும் இலக்குப் பக்கம், சுடத் தயாராகும் வரை விரல் விசையில் படக்கூடாது, நான் சொல்லும் வரை பெல்லட் போடக்கூடாது. இந்த மூன்றையும் ஒவ்வொரு பிள்ளையும் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஆளுக்கு ஐந்து பெல்லட் எண்ணிக் கொடுப்பேன். சுட்டு முடித்ததும் போல்ட்டை, அதாவது பெல்லட் போடும் இடத்தின் மூடியைத் திறந்துவைத்து, துப்பாக்கியைக் கீழே வைத்து, கோட்டுக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். நான் ஒவ்வொரு துப்பாக்கியாகக் குனிந்து பார்த்து, எல்லாம் காலி என்று உறுதியான பிறகுதான் அவர்கள் இலக்குத் தாளை எடுக்கப் போகலாம். ஈயம் என்பதால் ரேஞ்சில் தின்பண்டம் கிடையாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும்.

"சீஸ் ஃபயர்", அதாவது சுடுவதை நிறுத்து, என்று ஒரு சொல் இருக்கிறது. ஆபத்து என்று தோன்றினால் அதை யார் வேண்டுமானாலும் கத்தலாம். கேட்ட நொடியில் எல்லோரும் விரலை எடுத்துவிட வேண்டும். போன செவ்வாய்க்கிழமை எட்டு வயதுப் பையன் ஒருவன் அதைக் கத்தினான். வழக்கமாக வாயே திறக்காத பிள்ளை. எல்லாம் அப்படியே நின்றது. பார்த்தால், இலக்குகளுக்கு முன்னால் ஒரு சிப்மங்க், முதுகில் கோடு போட்ட அணில் மாதிரி, ஓடிக்கொண்டிருந்தது. பெரிய பையன்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது அப்பா. எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, "இன்றைக்கு இந்த ரேஞ்சில் சரியாகக் கண் திறந்து வைத்திருந்தது இவன் ஒருவன்தான்" என்றேன். மறுநாள் அவனே முன்வரிசைப் பாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

இன்னொருத்தி, பத்து வயது. மூன்று நாளாக ஒன்றும் தாளில் படவில்லை, அழுகை முட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு கையையும் நீட்டிச் சின்ன ஓட்டை மாதிரி சேர்த்து, அதன் வழியாகத் தூரத்து மரத்தைப் பார்க்கச் சொன்னேன். வலது கண்ணை மூடினாள், மரம் அப்படியே இருந்தது. இடது கண்ணை மூடினாள், மரம் மறைந்துபோனது. வலக்கைக்காரிக்கு ஆளும் கண், அதாவது குறி பார்க்க முந்திக்கொள்ளும் கண், இடது! துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றி, "இலக்கு மங்கலாகவே தெரியட்டும், குழல் முனையில் இருக்கும் முன்குறி மட்டும் தெளிவாக இருந்தால் போதும்" என்றேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி மெதுவாக அழுத்தினாள். ஐந்தும் ஓரமாகத்தான் விழுந்தன, ஆனால் ஒரு க்வார்ட்டர், அதாவது இருபத்தைந்து சென்ட் நாணயத்தால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம். நடுவில் படவில்லையே என்றாள். ஓட்டைகள் ஒன்றாக விழுந்தால் உன் கை சரி, குறியைத் திருகிக்கொள்ளலாம் என்றேன். அந்தத் தாளைத்தான் இப்போது மடித்து அவள் வீட்டுக் கடிதத்தோடு உறையில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

வெயில் இரவு எட்டரை வரை இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறது, உண்ணி கடிக்காமல் முழுக்கால் சட்டைதான் போடுகிறேன். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள், முக்கியமாகக் கண்ணாடி விஷயத்தை. நாளை ஒன்பது மணிக்கு முதல் குழு வருகிறது. இருட்டுவதற்குள் புதுத் தாள் ஒட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்