பலகையில் இருந்த கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். போன இதழில் வயது வந்தோர் வகுப்புகள் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். பெரியவர்களுக்கும் பாடத்தைச் சுவையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற கட்டுரை. அதில் எனக்கு மறுப்பு கிடையாது. என்னை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்தது அதோடு வந்த படமும் அதன் அடியில் இருந்த ஒரு வரியும்தான். காகிதக் கிரீடம் வைத்த ஒன்பது பெண்கள் கைதட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கீழே, ‘மழலைகளாக மாறி மகிழும் பாட்டிகள்’.

இடமிருந்து மூன்றாவதாக நிற்பவள் நான். எனக்கு 52 வயது. பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். எங்கள் வகுப்பு சாயங்காலம் ஆறரை மணிக்கு, வயல் வேலையும் அடுப்பு வேலையும் முடிந்த பிறகு நடக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள், என்னைப் போல் பரீட்சைக்குப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். டீச்சர் எங்கள் ஊர்ப் பெண், பி.எட். முடித்தவள், என் மகனைவிட இளையவள். அன்றைக்குப் பின்னக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. பகுதியைச் சமமாக்கிக் கூட்டுவது எனக்கு இரண்டு மாதமாகப் பிடிபடவே இல்லை. முக்காலையும் பதினாறில் மூன்றையும் கூட்டச் சொன்னால் மேலேயும் கூட்டி, கீழேயும் கூட்டி வைத்துவிடுவேன். டீச்சரும் சலிக்காமல் அடித்துத் திருத்திக் கொடுப்பாள்.

அன்று அவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மேலத்தெருப் பெரியம்மாவிடம் கேட்டாள். “பெரியம்மா, வாய்க்கு வாய் முக்காலே மூணு வீசம்னு சொல்றீங்களே, அப்படின்னா எவ்வளவு?”

“கிட்டத்தட்ட முழுசு” என்றார் பெரியம்மா.

“முழுசுக்கு எவ்வளவு குறையும்?”

“ஒரு வீசம் குறையும்.” யோசிக்கவே இல்லை, உடனே சொன்னார்.

“ஒண்ணுக்கு எத்தனை வீசம்?”

“பதினாறு.”

“முக்காலுக்கு?”

“பன்னண்டு. அதோட மூணு போட்டா பதினஞ்சு. இது என்னம்மா கேள்வி?”

டீச்சர் அதை அப்படியே பலகையில் எழுதினாள். முக்கால் என்பது பதினாறில் பன்னிரண்டு, அதோடு பதினாறில் மூன்று. கடைசி வரியை எழுதச் சொல்லிப் பெரியம்மா கையில் சாக்பீஸைக் கொடுத்தாள். அவருக்கு 67 வயது. எண்களை எழுதப் பழகி ஆறு மாதம்தான் ஆகிறது. மேலே 15, நடுவில் ஒரு கோடு, கீழே 16. கை நடுங்கியதால் 6 கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. கீழே இருக்கும் எண்ணை ஏன் கூட்டக் கூடாது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. வீசத்தை வீசத்தோடுதான் கூட்ட முடியும். களத்தில் நெல் அளக்கும்போது மூன்று மரக்காலையும் இரண்டு கலத்தையும் சேர்த்து ஐந்து என்று யாராவது சொல்வார்களா? கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று மாற்றிக்கொண்டுதானே கூட்டுகிறோம்!

சரியாக அந்த நேரத்தில்தான் உங்கள் புகைப்படக்காரரும் அவரை அழைத்து வந்தவர்களும் உள்ளே வந்தார்கள். முதலில் நாங்கள் இருந்தபடியே ஒரு படம் எடுத்தார்கள். கூட வந்தவர் ஒருவர், “இது ரொம்ப டல்லா இருக்கு” என்றார். பையிலிருந்து காகிதக் கிரீடங்களை எடுத்துக் கொடுத்தார். கைக்குட்டையால் பலகையைத் துடைத்துவிட்டு ஓர் அணில் வரைந்தார். அணில் பாட்டுப் பாடிக் கைதட்டச் சொன்னார். வீட்டுக்கு வந்தவர்களிடம் முகம் சுளித்துப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள். தட்டினோம். பெரியம்மாவும் தட்டினார். அவர் 15 எழுதியிருந்த இடத்தில்தான் அணிலின் வால் வந்தது.

ஆசிரியர் அவர்களே, பாட்டும் விளையாட்டும் எங்களுக்குப் பிடிக்காது என்று எண்ணிவிடாதீர்கள். நடவு வயலில் பாடாத பெண் இந்தப் பக்கத்தில் உண்டா? மார்கழி மாதம் வகுப்பில் தரையிலேயே கோலம் போட்டோம். நடு வரிசையில் 15 புள்ளி, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8 முடிய, ஊடுபுள்ளி. மொத்தம் எத்தனை புள்ளி என்று டீச்சர் கேட்டாள். நாற்பது வருடமாகப் போடும் கோலம், ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை. நடு வரிசையை விட்டுவிட்டு மேல் பாதியை மட்டும் பாருங்கள் என்றாள். 14இல் தொடங்கி 8 வரை ஏழு வரிசை. முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் சேர்த்தால் 22. அதற்கு அடுத்த இரண்டைச் சேர்த்தாலும் 22. அப்படியானால் ஏழு வரிசைக்கு, ஏழு தடவை 22இல் பாதி, 77. கீழ்ப் பாதியும் 77. நடுவில் 15. ஆக 169. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் கூட்டுத்தொடர் என்று ஒரு பக்கம் நிறைய எழுத்தும் குறியீடுமாக இருப்பது இதுதான் என்று அப்புறம் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். சதவீதமும் இப்படித்தான் வந்தது. நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள். 40 கிலோ மூட்டையில் அது 6 கிலோ 800 கிராம் தண்ணீர் என்று கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எங்களில் பாதிப்பேர் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லியிருக்கிறோம். எங்கள் பக்கத்து வெண்ணாறு, மூணாறு தலைப்பு என்ற இடத்தில் கோரையாறு, பாமணியாறு என்று பிரிவதை மண்ணில் கோடு கிழித்துச் சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறோம். இதில் எங்கே மழலை வந்தது?

பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. 1991 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்களே. என் சித்தி அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அப்படித்தான் கற்றுக்கொண்டார். சித்தப்பாவின் பார் சைக்கிளில் புடவையைச் செருகிக்கொண்டு ஏறி, முட்டியைப் பேர்த்துக்கொண்டு பழகினார். பிறகு கடைத்தெருப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே ஓட்டுவார். அவருக்கு யாரும் கிரீடம் வைக்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது சைக்கிள், அதைக் கொடுத்தார்கள்.

எழுத உட்கார்ந்ததும் பழையதெல்லாம் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். சில வருடங்களுக்கு முன்பு உங்கள் இதழிலேயே, ‘படிப்பில் ஆர்வமின்றி இடைநின்றோர்’ என்று ஒரு கட்டுரையில் படித்தேன். 1986இல் ஏழாம் வகுப்போடு நான் நின்றேன். அம்மா நடவுக்குப் போனால் இரண்டு தம்பிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் கிடையாது. புத்தகப் பையைப் பரணில் போட்ட அன்று நான் அழுத அழுகையை ஆர்வமின்மை என்று எழுத உங்கள் கட்டுரையாளருக்கு எப்படி மனம் வந்தது? அப்போதே கடிதம் எழுத நினைத்தேன். பிழையில்லாமல் எழுத வராது என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதித் தேறினேன்.

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு பள்ளிக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, “பேரனையும் கூட்டிட்டு வாங்க” என்றார். எனக்குத்தான் என்றேன். பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் உங்கள் படத்தின் கீழே இருக்கும் வரியும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. அவராவது என் முன்னால் மட்டும் சிரித்தார். உங்கள் இதழ் ஊர் ஊராகப் போகிறது. என் சம்பந்தி வீட்டிலும் வாங்குகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிளஸ் டூ, நீட், பொறியியல் கலந்தாய்வு என்று எல்லாத் தேதியையும் கல்விப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். தனித்தேர்வர் விண்ணப்பிக்கும் தேதி மட்டும் எங்கோ மூலையில், பொடி எழுத்தில் வருகிறது. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? போன தடவை தேதி தவறிப்போய்க் கூடுதல் கட்டணம் கட்டிய பிறகுதான் விண்ணப்பிக்க முடிந்தது. நாலு நாள் நடவுக் கூலி அதிலேயே போயிற்று.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, ‘மாணவர்கள்’ என்று போடுங்கள். தனித்தேர்வர் தேதியைக் கண்ணில் படும்படி பெரிதாகப் போடுங்கள். அப்புறம், உங்கள் புகைப்படக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பலகையை அழிப்பதற்கு முன்னால் எடுத்த முதல் படம் அவரிடம் இருக்கும். இதழில் போட இடமில்லை என்றாலும் பரவாயில்லை, ஒரு பிரதி எடுத்து எனக்கு அனுப்பிவையுங்கள். தபால் செலவை நான் கொடுத்துவிடுகிறேன். அந்தக் கிரீடப் படத்தைப் பெரியம்மாவின் பேரன்கள் வீட்டில் எல்லாருக்கும் காட்டிச் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் வகுப்புக்கு வரவில்லை. அவர் எழுதிய கணக்கு தெரியும் படத்தை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.